சாலைக் கணக்கு வேறு, வீட்டுக் கதை வேறு

கேள்வி: ராசிபுரம் பக்கத்து வாசகர் ஒருவர் எழுதிய நான்கு பக்கக் கடிதத்தின் சாரம் இது. ஊர்ச் செய்திகளை முகநூலில் எழுதுகிறவர் அவர். 200 மீட்டர் கான்கிரீட் சாலைக்குப் பில் எழுதி 120 மீட்டர்தான் போட்டார்கள் என்று, ஊராட்சிப் பொறுப்பில் இருந்த ஒருவரைப் பற்றி எழுதினார். வாட்ஸ்அப்பில் வந்த ஒரு பத்தியையும் கீழே ஒட்டினார். அது அந்த மனிதரின் குடும்ப விவகாரம். பத்து லட்சம் நஷ்டஈடு கேட்டு வக்கீல் நோட்டீஸ் வந்தது, 15 நாள் கெடுவுடன். மூன்று மாதமாக அவர் பதில் அனுப்பவில்லை. பயத்தில் பதிவையும் அழித்துவிட்டார். சிறைக்குப் போக நேருமா என்று கேட்கிறார்.

பதில்: எழுதியது பதவிக் காரியமா, சொந்த வாழ்க்கையா? வழக்கு முழுவதும் இதில்தான் நிற்கிறது.

இந்தக் கோட்டைப் போட்டுக் கொடுத்ததே தமிழ்நாட்டு வழக்கு ஒன்றுதான். மரண தண்டனைக் கைதி ஆட்டோ சங்கர் சிறையில் எழுதியதாகச் சொல்லப்பட்ட சுயசரிதையை வெளியிட முனைந்தது நக்கீரன் இதழ். அதிகாரிகள் பலருக்கு அது உறுத்தலாக இருந்தது. 1994 ஜூனில் சிறைத்துறையிலிருந்து, வெளியிடக் கூடாது என்று கடிதம் போனது. ஆசிரியர் ராஜகோபால் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். அக்டோபர் 7-இல் தீர்ப்பு வந்தது. அது சொன்னது இது: வெளிவரும் முன்பே தடுக்க அதிகாரிகளுக்கு உரிமை இல்லை, பொது ஆவணத்தில் உள்ளதை யாரும் எழுதலாம், பதவிக் காரியம் பற்றி எழுதியது தவறாகவே போனாலும், தக்கபடி விசாரித்து எழுதியிருந்தால் நஷ்டஈடு கிடையாது. உள்ளாட்சி அமைப்பு தன் பெயர் கெட்டது என்று நஷ்டஈடு கேட்கவும் முடியாது. ஆனால் ஒருவருடைய குடும்பம், திருமணம் போன்றவற்றை அவர் சம்மதமின்றி எழுதினால், உண்மையாக இருந்தாலும் எழுதியவர் பொறுப்பு.

ஆக, சாலைப் பத்தியைக் காப்பாற்ற வழி உண்டு. குடும்பப் பத்திக்கு வழி குறைவு. குற்ற அவதூறிலும், பாரதிய நியாய சன்ஹிதா 356-ஆம் பிரிவின்படி உண்மை மட்டும் போதாது, பொதுநலமும் வேண்டும். அடுத்த வீட்டு விவகாரத்தில் என்ன பொதுநலம்?

‘நான் எழுதவில்லை, பகிர்ந்தேன்’ என்பதும் எடுபடாது. பெண் பத்திரிகையாளர்களை இழிவுபடுத்திய ஒரு பதிவை 2018-இல் பகிர்ந்த நடிகர் எஸ்.வி. சேகர், படிக்காமல் பகிர்ந்ததாகச் சொன்னார், நீக்கினார், மன்னிப்பும் கேட்டார். வழக்கை ரத்து செய்ய 2023 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் மறுத்தது. அடுத்த மாதம் உச்ச நீதிமன்றமும் தலையிடவில்லை.

இனி, வாசகர் கோபித்துக்கொண்டாலும் சொல்லியாக வேண்டியவை. நான்கு பக்கம் எழுதியவர் நோட்டீஸின் நகலை இணைக்கவில்லை. பதிவு வெளியான தேதியையும் எழுதவில்லை. ‘சும்மா மிரட்டல்’ என்று டீக்கடையில் யாரோ சொன்னதை நம்பி மூன்று மாதம் உட்கார்ந்திருக்கிறார். பதிவை நீக்கியது தவறல்ல. நகல் எடுக்காமல் நீக்கியதுதான் தவறு. எதிர்த்தரப்பிடம் ஸ்கிரீன்ஷாட் நிச்சயம் இருக்கும். அதில் வெட்டு ஒட்டு இருந்தால் இவர் எதைக் காட்டி மறுப்பார்? அதைவிடப் பெரிய ஓட்டை, 120 மீட்டர் என்று அளந்தவர் யார் என்பது. கடிதத்தில் ‘ஊரே பேசுகிறது’ என்றுதான் இருக்கிறது. ஊர் சாட்சிக் கூண்டில் ஏறாது.

அந்தச் சாலையின் எம்-புக் (அளவுப் புத்தகம்), பில் நகல்களைக் கேட்டு ஊராட்சி ஒன்றிய அலுவலகத்துக்கு, பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டித் தகவல் உரிமை மனு போடலாம். 30 நாளில் பதில் தர வேண்டும். பதிவை எழுதும் முன்பே இதைச் செய்திருக்க வேண்டும். இப்போதும் வீண் அல்ல.

சிறை? அதிகபட்சம் இரண்டு ஆண்டு, அல்லது அபராதம், அல்லது இரண்டும். சமூக சேவையும் தண்டனையாகலாம். ஜாமீன் உண்டு, வாரண்ட் இல்லாமல் போலீஸ் கைது செய்ய முடியாது. பாதிக்கப்பட்டவர் மாஜிஸ்திரேட்டிடம் புகார் தர வேண்டும். புகாரை ஏற்கும் முன் இவர் தரப்பையும் கேட்டாக வேண்டும். நீதிமன்றத்திலிருந்து அப்படித் தாள் வந்தால் வக்கீல் நோட்டீஸைப் போல அலமாரியில் வைக்கக் கூடாது.

நோட்டீஸைப் பார்க்காமல் இதற்கு மேல் சொல்வது சரியல்ல. அதை உறையோடு எடுத்துக்கொண்டு இந்த வாரமே உள்ளூர் வழக்கறிஞரை நேரில் பார்க்கவும். எதிர்த்தரப்புக்கு நேரடியாகப் போன் செய்து சமாதானம் பேச வேண்டாம். நஷ்டஈட்டு வழக்குக்குக் காலவரம்பு, பதிவு வெளியானதிலிருந்து ஓராண்டு. அவர்களுக்கு இன்னும் நேரம் இருக்கலாம்.