அளந்து பார், அப்புறம் பயப்படு

படவேடு,
தை 27

அன்புள்ள கண்ணம்மாவுக்குப் பெரியம்மா எழுதுவது.

உனக்கு 12 வாரம் ஆகிறது, ஸ்கேனில் துடிப்பு நன்றாக இருக்கிறது என்று உன் அம்மா சொன்னாள். ராத்திரியில் நீ தூங்குவதே இல்லை, லேசாகத் தலை வலித்தாலும் அழுகிறாய் என்றும் சொன்னாள். பயப்படாதே, அம்மன் பார்த்துக்கொள்வாள் என்று ஆளாளுக்குச் சொல்லியிருப்பார்கள். ரேணுகாம்பாளிடம் நானும்தான் வேண்டிக்கொண்டிருக்கிறேன். ஆனால் கிராம சுகாதார செவிலியராக வீடு வீடாக ஏறி இறங்கியவள் நான். தெரிந்ததைச் சொல்லாமல் இருக்க முடியாது.

முதலில் ஒன்று. போன பிரசவத்தில் பி.பி. ஏறியதற்கு நீ காரணம் இல்லை. ஏழு மாதம் வரை தறியில் உட்கார்ந்ததால்தான் வந்தது என்கிறார்களாம் சம்பந்தியம்மா. ஊறுகாய் தின்றதால் என்கிறாள் உன் அம்மா. இரண்டும் இல்லை. நஞ்சுக்கொடி ஆரம்ப மாதங்களிலேயே கர்ப்பப்பையில் சரியாகப் பதியாமல், அங்கே ரத்தக்குழாய்கள் விரிய வேண்டிய அளவு விரியாமல் போவதில் தொடங்குகிறது இது. 20 வாரத்துக்குப் பிறகு பி.பி.யாகவும் நீரில் உப்பாகவும் வெளியே தெரிகிறது. அந்த 'உப்பு' புரதம். சோற்றில் உப்பை நிறுத்தினால் அது நிற்காது.

அமெரிக்க ஓட்டக்காரி அலிசன் ஃபெலிக்ஸுக்கே இது வந்தது. 2018-இல் 32-வது வாரத்தில் அவசரமாக ஆபரேஷன் செய்து குழந்தையை எடுத்தார்கள். ஒலிம்பிக்கில் ஓடிய உடம்புக்கே வருமென்றால், உன் ஊறுகாயைக் குற்றம் சொல்லி என்ன பயன்? அவர் 2021-இல் டோக்கியோவில் மறுபடி பதக்கம் வாங்கினார், 2024-இல் இரண்டாவது குழந்தையும் பெற்றார். 2016-இல் ரியோவில் அவரோடு தொடர் ஓட்டத்தில் தங்கம் வாங்கிய டோரி போவி, 2023-இல் எட்டு மாதக் கர்ப்பத்தோடு வீட்டில் தனியாக இறந்துகிடந்தார். இதே நோய் முற்றி வலிப்பு வந்திருக்கலாம் என்றது பிரேதப் பரிசோதனை. உன்னைப் பயமுறுத்த இதை எழுதவில்லை. பக்கத்தில் ஆள் இருப்பதும், நேரத்துக்கு ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதும் எவ்வளவு பெரிய விஷயம் என்று உனக்குத் தெரிய வேண்டும்.

மறுபடி வருமா என்றுதானே கேட்கிறாய்? உன்னைப் போல 34-லிருந்து 37 வாரத்துக்குள் பிரசவம் ஆனவர்களில் ஏறக்குறைய நாலில் ஒருவருக்குத் திரும்ப வருகிறது. மூன்று பேருக்கு வருவதில்லை.

இந்த நோய்க்கு ஒரு கெட்ட குணம் உண்டு. ஏறும்போது உடம்புக்குத் தெரியாது. 150-ஐ வைத்துக்கொண்டு சிரித்த முகமாக இட்லி ஊற்றிக்கொண்டிருந்த பெண்களை நான் பார்த்திருக்கிறேன். பி.பி. சரியாக இருக்கும்போதே பயத்தில் நெஞ்சு படபடக்கிறவர்களும் உண்டு. அதனால், "நல்லாத்தானே இருக்கேன்" என்று தோன்றினாலும் நம்பாதே, "ஏதோ ஆகப்போகுது" என்று தோன்றினாலும் நம்பாதே. பாவில் இழை விட்டுப்போயிருக்கிறதா என்று மாப்பிள்ளை மனசைக் கேட்டா தெரிந்துகொள்கிறார்? எண்ணித்தானே பார்க்கிறார்.

மேல்கையில் கட்டும் பி.பி. மிஷின் ஒன்று வாங்கச் சொல். தறிக்குழியில் காலைத் தொங்கப்போட்டிருந்து எழுந்த கையோடு பார்க்காதே. நாற்காலியில் சாய்ந்து, பாதம் தரையில் பதிய, ஐந்து நிமிஷம் பேசாமல் உட்கார்ந்துவிட்டுப் பார். நோட்டில் எழுது. மேலே 140 அல்லது கீழே 90 தொட்டால் அன்றைக்கே டாக்டரிடம் காட்டு. 160 அல்லது 110 என்றால் ஒரு நிமிஷம் யோசிக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்.

மிஷின் என்ன காட்டினாலும் சரி, சில அறிகுறிகளுக்குக் காத்திருக்கக் கூடாது. மாத்திரைக்கும் அடங்காத தலைவலி, கண்முன் பூச்சி பறப்பது, வலது விலாவுக்குக் கீழே வலி, திடீரென்று முகமும் கையும் வீங்குவது, மூச்சுத் திணறல், குழந்தை அசைவு குறைவது. சாயங்காலம் மெட்டி இறுகுவது கர்ப்பத்தில் எல்லோருக்கும் உள்ளதுதான். ஆனால் நெசவு வீட்டில் ஒரு ஆபத்து உண்டு. கண் மங்கினால் ஜரிகையைப் பார்த்த கூச்சம் என்பார்கள், தலை வலித்தால் தார் சுற்றிய அசதி என்பார்கள். அந்தப் பேச்சைக் காதில் வாங்காதே.

டாக்டரிடம் இப்போதே ஒன்று கேட்க வேண்டும். ராத்திரியில் போடும் சின்ன அளவு ஆஸ்பிரின். 2017-இல் வெளிவந்த பெரிய ஆய்வில், 11-லிருந்து 14 வாரத்துக்குள் தொடங்கிய பெண்களுக்கு, 37 வாரத்துக்கு முன்பே இந்த நோய் வந்து பிரசவம் ஆவது பாதிக்கும் மேல் குறைந்தது. 16 வாரம் தாண்டித் தொடங்கினால் பலன் குறைவு. நீயாகக் கடையில் வாங்காதே. வயிற்றுப்புண், ஆஸ்துமா இருந்தால் சொல்லிவிட்டு, எத்தனை மில்லிகிராம், எந்த வாரம் நிறுத்துவது என்று டாக்டரிடமே கேட்டுக்கொள். ரத்தத்தைத் தண்ணியாக்கும் மாத்திரை என்று யாராவது சொன்னார்கள் என்று நிறுத்திவிடாதே. நாலாம் மாதத்திலிருந்து தரும் கால்சியத்தை விடாதே. இரும்புச்சத்து மாத்திரைக்கும் அதற்கும் இரண்டு மணி நேரம் இடைவெளி விடு.

கர்ப்பத்தைப் பதிந்து பிக்மி எண் வாங்கிவிட்டாய் அல்லவா? போன பிரசவத்தின் டிஸ்சார்ஜ் சீட்டைத் தேடி எடுத்துவை. மாதம் 9-ஆம் தேதி சிறப்பு முகாமில் டாக்டர் பார்ப்பார். முதல் வார்த்தையாக, "போன தடவை பி.பி. ஏறி 35 வாரத்தில் எடுத்தார்கள்" என்று சொல்.

இனி சொல்வது உன் அம்மாவுக்குப் பிடிக்காது. வளைகாப்பு வைகாசியில் வைத்துக்கொள்ளட்டும். ஆனால் அது முடிந்து நீ இங்கே வர வேண்டாம், ஆரணியிலேயே இரு. அந்த 35-வது வாரம் இந்த முறை ஆடியில் வருகிறது. ஆடி வெள்ளியில் படவேட்டுக் கூட்டம் உனக்குத் தெரியாததா? சந்தவாசலிலிருந்தே வண்டி ஊர்ந்துதான் வரும். அந்த நெரிசலில் ஆம்புலன்ஸ் எப்படி உள்ளே வந்து வெளியே போகும்? பிள்ளைத்தாய்ச்சிக்குத் தாய்வீட்டுச் சோறுதானே வேண்டும், உன் அம்மா அங்கே வந்து சமைத்துப் போடட்டும். சிக்கலானால் ஆரணியிலேயே பார்ப்பார்களா, திருவண்ணாமலை மருத்துவக் கல்லூரிக்கு அனுப்புவார்களா என்பதை ஆனிக்குள் கேட்டு முடிவு செய்துகொள்ளுங்கள்.

வலிப்பு வந்தால் சாவிக்கொத்தைத் தேடி யாரும் ஓட வேண்டாம். இடது பக்கமாகச் சாய்த்துப் படுக்கவைத்து 108-ஐக் கூப்பிட வேண்டும். ஆஸ்பத்திரியில் மெக்னீசியம் ஊசி இருக்கிறது. 33 நாடுகளில் சோதித்து, வலிப்பைப் பாதிக்குமேல் குறைக்கிறது என்று 2002-இலேயே காட்டிய மருந்து. குழந்தையை எடுத்துவிடலாம் என்று டாக்டர் சொன்னால் நல்ல நாள் பார்க்கக் கூடாது. நஞ்சுக்கொடி வெளியே வந்தால்தான் நோய் இறங்கத் தொடங்கும்.

பிறந்ததோடு முடிந்தது என்றும் நினைக்காதே. பிரசவத்துக்கு அப்புறம் மூன்றாம் நாளிலிருந்து ஆறாம் நாளுக்குள் பி.பி. மறுபடி ஏறும். எல்லோர் கண்ணும் குழந்தை மேல் இருக்கும் நேரம் அது. ஆறு வாரம் வரை அந்த நோட்டை மூடாதே. பிறகும் வருஷத்துக்கு ஒரு தடவை பார்த்துக்கொள். இது வந்தவர்களுக்குப் பிற்காலத்தில் ரத்த அழுத்தமும் இதய நோயும் வர மற்றவர்களைவிட வாய்ப்பு அதிகம்.

இந்தக் கடிதத்தை மாப்பிள்ளைக்கும் சம்பந்தியம்மாவுக்கும் படித்துக் காட்டு. அறிகுறிகள் உன்னைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமைதோறும் அந்த வார நோட்டுப் பக்கத்தைப் படம் பிடித்து எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பு. ராத்திரி பயம் வந்தால் எழுந்து உட்கார்ந்து அளந்து பார். அளவு சரியாக இருந்தால் தூங்கு, இல்லையென்றால் மாப்பிள்ளையை எழுப்பு. எந்த நேரமானாலும் எனக்குப் போன் போடு.

இப்படிக்கு,
உன் பெரியம்மா