காரணம் கடந்த கதைமாந்தர்

மண்ணின்றிக் குடம் இல்லை. குயவனின்றியும் குடம் இல்லை. மண்ணை முதற்காரணம் என்றும், தண்டையும் திகிரியையும் துணைக்காரணம் என்றும், குயவனை நிமித்த காரணம் என்றும் பண்டைத் தருக்க நூலோர் வகுத்துரைத்தனர். வித்தில்லாத விளைவும் தீயில்லாத புகையும் இவ்வுலகில் இல்லை. ஒவ்வொரு நிகழ்ச்சியும் தனக்கு முன்னர் நிகழ்ந்த பிறிதொன்றன் பயனாகவே தோன்றுகிறது. இம்முறையினின்று தப்பியவர் நிலவுலகில் ஒருவரும் இலர். ஆனால், கதையுலகில் அத்தகையோர் பலர் உளர். வாள் பட்டும் புண்படாத வீரரும், ஆண்டு பல சென்றும் நரை காணாத இளைஞரும், நடந்து முடிந்ததை மாற்றிவிட்டுத் தாம் மாறாமல் நிற்போரும் அங்கே உலவுகின்றனர். கேட்கும் சிறுவர் வியக்கின்றனர். முதியோரும் அவ்வியப்பில் பங்கு கொள்கின்றனர்.

மேலெழுந்தவாரியாக நோக்குவார்க்கு இம்மாந்தர் அனைவரும் ஒரு தன்மையராகவே தோன்றுவர். நுணுகி நோக்குவார்க்கோ அவர்களிடையே உள்ள வேறுபாடு புலப்படும். காரணத்திலிருந்து காரியம் வரை செல்லும் சங்கிலி எவ்விடத்தில் அறுந்தது? அறுந்ததற்கு அம்மாந்தர் கொடுத்த விலை யாது? இவ்விரு வினாக்களையும் கேட்டு ஆராயின், அவர்களை ஐவகையினராகப் பகுத்தல் கூடும்.

விளைவு தடுக்கப்பெற்றோர் முதல் வகையினர். ஒரு தொழில் நிகழ்வதற்கு வேண்டும் முதனிலைகள் எட்டு என்பது தொல்காப்பியர் கொள்கை. வினை, அதனைச் செய்வோன், செயப்படுபொருள், இடம், காலம், கருவி, இன்னார்க்கு என்பது, இன்ன பயன் என்பது ஆகியவையே அவை. இரணியன் கதையை இவ்விலக்கணத்தோடு ஒப்பிட்டுக் காணுதல் சுவை பயப்பதாகும். மனிதராலும் விலங்காலும் சாவு நேராமை வேண்டினான். அது செய்வோனைத் தடுத்தல். வீட்டின் அகத்தும் புறத்தும் நேராமை வேண்டினான். அது இடத்தைத் தடுத்தல். பகலிலும் இரவிலும் நேராமை வேண்டினான். அது காலத்தைத் தடுத்தல். படைக்கலத்தால் நேராமை வேண்டினான். அது கருவியைத் தடுத்தல். இவ்வாறு கொலைத் தொழிலின் முதனிலைகளை ஒன்றன்பின் ஒன்றாக அடைத்துவிட்டதாக அவன் எண்ணினான். எனினும், மனிதனும் விலங்கும் அல்லாத நரசிங்கம், அகமும் புறமும் அல்லாத வாயிலில், பகலும் இரவும் அல்லாத அந்தியில், படைக்கலம் அல்லாத நகத்தால் அவன் உயிரைப் போக்கியது. கம்பர் இக்கதையை இராமகாதையின் யுத்த காண்டத்தில், வீடணன் இராவணனுக்கு உரைக்கும் அறிவுரையாக அமைத்தார். சாவை வென்றுவிட்டதாகச் செருக்குற்ற ஒருவனுக்கு அவ்வாறே செருக்குற்ற மற்றொருவனின் முடிவு எடுத்துக்காட்டப்படுகிறது.

பிற நாட்டுக் கதைகளிலும் இவ்வகையினர் உண்டு. கிரேக்க வீரனாகிய அக்கிலீசைக் குழந்தைப் பருவத்தில் அவன் தாய் ஸ்டிக்ஸ் என்னும் ஆற்றில் தோய்த்தாள். அவள் பிடித்திருந்த குதிகால் மட்டும் நனையவில்லை. பின்னர் அதுவே அவன் உயிர்நிலையாயிற்று. இச்செய்தி ஓமரின் இலியதத்தில் இல்லை. பின் வந்த புலவரால் சேர்க்கப்பட்டது. வடதிசை ஐரோப்பியர் கதையில், பால்டர் என்னும் தேவனின் தாய், அவனுக்குத் தீங்கு செய்வதில்லை என்று உலகத்துப் பொருள்கள் எல்லாவற்றிடமும் உறுதிமொழி பெற்றாள். மிக இளையது என்று கருதிப் புல்லுருவிச் செடியை மட்டும் விட்டுவிட்டாள். அச்செடியாலேயே அவன் மாண்டான். ஐசுலாந்து நாட்டின் ஸ்னோரி ஸ்டுர்லுசன் என்பார் 13ஆம் நூற்றாண்டில் இக்கதையை எழுதி வைத்தார். 1938ஆம் ஆண்டில் அமெரிக்கப் படக்கதையில் தோன்றிய சூப்பர்மேனும் இம்மரபினனே. குண்டு துளைக்காத அவனுடலையும் தளர்விக்க, கிரிப்டோனைட் என்னும் கல்லைக் கதையாசிரியர்கள் பின்னர்ப் படைக்க வேண்டியதாயிற்று. மதில் எத்துணை உயரினும் அதில் ஒரு திட்டிவாயில் இருந்தே தீரும். அவ்வாயில் இல்லையேல் அச்சம் இல்லை. அச்சம் இல்லையேல் கதையும் இல்லை.

விளைவு பிறிதொன்றன்மேல் ஏற்றப்பெற்றோர் இரண்டாம் வகையினர். ஆஸ்கார் ஒயில்டு என்னும் ஆங்கில எழுத்தாளர் 1890ஆம் ஆண்டில் வெளியிட்ட கதையின் தலைவன் டோரியன் கிரே. தன் அழகிய ஓவியத்தைக் கண்ட அவ்விளைஞன், தான் என்றும் இளமையோடிருக்க, ஓவியமே மூப்படைய வேண்டும் என விழைந்தான். விழைவு நிறைவேறியது. அவன் செய்த கொடுமை ஒவ்வொன்றும் ஓவியத்தின் முகத்தில் வடுவாகப் படிந்தது. அவன் முகமோ மாசற்று விளங்கியது. இங்கே காரியம் தடைப்படவில்லை, இடம் மாறிற்று. கடன் அழியவில்லை, பிறிதொரு கணக்கில் எழுதப்பட்டது. இறுதியில், ஓவியத்தைக் காணப் பொறாதவனாய் அதனைக் கத்தியால் குத்த, மாண்டு கிடந்தவன் அவனே. பிறர் காணாதபடி மறைத்து வைத்த தீமையும் எங்கோ ஓரிடத்தில் வளர்ந்துகொண்டே இருக்கும் என்பதை இக்கதை உணர்த்துகிறது.

காலத்தால் தாக்கப்படாதோர் மூன்றாம் வகையினர். என்றும் பதினாறு வயதினனாகிய மார்க்கண்டேயன் தமிழ்நாட்டில் யாவரும் அறிந்தவன். சாவையும் மூப்பையும் ஒருங்கே கடந்தமை அவன் பெற்ற பேறு. இவ்விரண்டையும் பிரித்துக் காணும் கதைகளும் உள. கிரேக்கக் கதையில் வைகறைத் தெய்வம் தன் காதலனாகிய தித்தோனசுக்குச் சாவாமையை வேண்டிப் பெற்றது. இளமையையும் உடன்வேண்ட மறந்தது. அவன் சாகவில்லை, ஆயினும் மூத்துக்கொண்டே சென்றான். கை கால் அசைக்கவும் ஆற்றல் இழந்து, ஓர் அறையில் அடைபட்டு, ஓயாது பிதற்றலானான். ஜோனதன் ஸ்விப்டு 1726ஆம் ஆண்டில் வெளியிட்ட கலிவரின் பயணங்கள் என்னும் நூலிலும் சாவில்லாத மக்கள் சிலர் வருகின்றனர். நெற்றியில் ஒரு மறுவோடு பிறக்கும் அவர்களைக் கண்டு கலிவர் முதலில் பொறாமை கொள்கிறான். பின்னர், அவர்கள் பல்லும் முடியும் நினைவும் இழந்து, எண்பது வயதானவுடன் சட்டத்தால் இறந்தவராகக் கருதப்பட்டு, உடைமை அனைத்தும் பறிபோய் வருந்துதலைக் கண்டு நடுங்குகிறான். ஒரு விளைவை மட்டும் விலக்கி, அதனோடு பிணைந்த பிறவற்றை விலக்காது விடுதல் வரமாகாது, சாபமேயாகும்.

இறந்தகாலம் மாறினும் தாம் மாறாதோர் நான்காம் வகையினர். அறிவியல் வளர்ந்த பின்னரே இவர்கள் பெருகினர். 1895ஆம் ஆண்டில் எச். ஜி. வெல்சு காலப்பொறி பற்றிய புதினத்தை எழுதியபின், காலத்தில் பயணம் செய்வோர் கதைகளில் மிகுந்தனர். ரே பிராட்பரி 1952ஆம் ஆண்டில் எழுதிய சிறுகதையில், வேட்டைக்காரன் ஒருவன் பல கோடி ஆண்டுகட்கு முற்பட்ட காலத்திற்குச் செல்கிறான். வகுத்த பாதையினின்று விலகி, அறியாமல் ஒரு வண்ணத்துப்பூச்சியை மிதித்துவிடுகிறான். திரும்பி வந்து காணும்போது, மொழியின் எழுத்துமுறை மாறியிருக்கிறது. நாட்டின் தேர்தல் முடிவும் மாறியிருக்கிறது. அம்மாற்றத்தை உணர்வோர், பயணம் சென்று மீண்ட சிலரே. உலகம் முழுதும் மாறியபோது அவர்தம் நினைவு மட்டும் மாறாமல் நின்றது எவ்வாறு? கதை இதற்கு விடை கூறவில்லை. ஆயினும் அவ்விலக்கு இல்லையேல், நேர்ந்த இழப்பை அறிய ஒருவரும் இரார். குற்றம் செய்தவனே அதன் சான்றாகவும் நிற்க வேண்டும் என்பதற்காகவே ஆசிரியர் அவனுக்கு இவ்விலக்கை அளித்தார் எனல் பொருந்தும்.

தமக்குத் தாமே காரணமானோர் ஐந்தாம் வகையினர். ராபர்ட் ஐன்லைன் 1941ஆம் ஆண்டில் எழுதிய கதையில், ஒருவனைத் தேடி வந்து எதிர்காலத்திற்கு அழைப்பவனும், அதனைத் தடுக்க முயல்பவனும், அங்கே அவனை வரவேற்பவனும் அவனேயாகின்றனர். அங்கே அவனுக்கு ஒரு சொற்குறிப்பேடு கிடைக்கிறது. அது நைந்தபின் புதிய ஏட்டில் அதனைப் படியெடுக்கிறான். அப்புதிய ஏடே, முன்னர்த் தான் பெற்ற ஏடு என்பதைப் பின்னரே உணர்கிறான். அவ்வாறாயின் அச்சொற்களை முதன்முதல் எழுதியவர் யார்? வட்டத்திற்குத் தொடக்கம் இல்லாமைபோல, இவ்வினாவிற்கும் விடை இல்லை. முன்னைய நால்வகையினரிடத்தும் சங்கிலி எங்கோ ஓரிடத்தில் அறுந்தது. இங்கே அது வளைந்து தன் வாலைத் தானே கவ்விக்கொண்டது.

இனி, கதைமாந்தர்க்கு இத்தகைய விலக்கை அளிக்கும் ஆசிரியரேனும் காரண காரிய முறையைக் கடந்தவரோ எனில், அவரும் அல்லர். யூரிபிடீசு இயற்றிய மெதீயா என்னும் நாடகத்தில், தலைவி முடிவில் கதிரவனின் தேரேறித் தப்புகிறாள். கதையின் முடிவு கதையினுள்ளிருந்தே பிறத்தல் வேண்டும். பொறியால் இறக்கப்படுதல் கூடாது எனக் கூறிய அரிஸ்டாட்டில், இந்நாடகத்தையே குறையுள்ளதற்கு எடுத்துக்காட்டினார். ஆர்தர் கோனன் டாயில் 1893ஆம் ஆண்டில் தம் துப்பறிவாளனாகிய ஷெர்லாக் ஹோம்சை, சுவிட்சர்லாந்து நாட்டு ரைக்கன்பாக் அருவியில் வீழ்ந்து மாண்டதாக எழுதினார். படிப்போர் அதனைப் பொறுக்கவில்லை. 1903ஆம் ஆண்டில் அவனை மீண்டும் கொணர்ந்தபோது, அவன் உயிர் பெற்றான் என்று எழுதிவிட டாயிலால் இயலவில்லை. மற்போர்த் திறத்தால் பகைவன் பிடியினின்று நழுவினான்; ஆதலின் அருவியில் அவன் விழவேயில்லை எனக் காரணம் கூற வேண்டியவரானார். இல்லாத ஒருவனை எழுப்புவதற்கும் காரணம் வேண்டியதாயிற்று!

இவ்வாராய்ச்சிக்கு முடிமணியாக அமைவது தமிழில் தோன்றிய மணிமேகலைக் காப்பியம். சீத்தலைச் சாத்தனார் இயற்றிய இந்நூலை உ. வே. சாமிநாதையர் 1898ஆம் ஆண்டில் அச்சிட்டு வெளியிட்டார். இதில் காரண காரிய முறைக்கு அடங்காதவை இரண்டு எதிரெதிரே வந்து நிற்கின்றன. ஒன்று, அள்ள அள்ளக் குறையாத அமுதசுரபி. மற்றொன்று, உண்ண உண்ணத் தணியாத காயசண்டிகையின் பசி. முனிவர் ஒருவர் பன்னிரண்டு ஆண்டுகட்கு ஒருமுறை உண்ணும் நாவற்கனியைக் காலால் சிதைத்தமையால், யானைத்தீ என்னும் அப்பெரும்பசி அவளைப் பற்றியது. மலைமலையாக உண்டும் அவள் வயிறு நிறையவில்லை. அமுதசுரபியில் செலவு உண்டு, குறைவு இல்லை. காயசண்டிகையிடத்தில் உணவு உண்டு, நிறைவு இல்லை. இவ்விரண்டும் சந்திக்கும்போது, மணிமேகலை இட்ட சோற்றால் அப்பசி தணிகிறது.

ஆனால், காப்பியம் அவ்வளவில் நிற்கவில்லை. பசி தீர்ந்த காயசண்டிகை வானில் பறந்து செல்லும்போது, விந்தமலையைக் காக்கும் விந்தாகடிகையின் வயிற்றில் அகப்படுகிறாள். அஃதறியாத அவள் கணவன் காஞ்சனன், காயசண்டிகையின் வடிவு கொண்டிருந்த மணிமேகலையைத் தன் மனைவியென மயங்கி, அவளைத் தொடர்ந்து வந்த உதயகுமரனை வாளால் வெட்டுகிறான். முற்பிறப்பில் உதயகுமரன், கால் இடறி வீழ்ந்த மடைத்தொழிலாளன் ஒருவனைச் சினந்து வெட்டிய தீவினையே இவ்வாறு வந்து முடிந்தது எனக் கந்திற்பாவை உரைக்கிறது. ஊரின் பசியெல்லாம் போக்கிய அமுதசுரபி மணிமேகலையின் கையில் இருந்தது. எனினும் அவ்வொரு வாள்வீச்சை விலக்க அதனால் இயலவில்லை. நூலின் இறுதியில், பேதைமை முதல் வினைப்பயன் ஈறாகப் பன்னிரண்டு சார்புகளை, ஒன்றினின்று ஒன்று தோன்றும் முறையில், அறவண அடிகள் அவளுக்கு அறிவுறுத்துகிறார். குறையாத பாத்திரத்தைப் பாடிய புலவரே, காரணமின்றிக் காரியமில்லை என்னும் கொள்கையைக் காப்பியத்தின் முடிவாக நாட்டினார்.

காரணத்தின் பிடியினின்று விடுபட வேண்டும் என்னும் விழைவு மக்கள் உள்ளத்தில் இயல்பாக எழுவது. சாவுக்கு அஞ்சியும், மூப்பை வெறுத்தும், செய்த பிழையை நினைந்து நொந்தும் மக்கள் இத்தகைய மாந்தரைப் படைத்தனர். ஆயினும், விளைவு இல்லாத வாழ்வு எத்தகையது என்பதைக் காட்டுவது காயசண்டிகையின் பசியே. உண்ட சோறு பசி தீர்க்காத உலகில், ஊன்றிய வித்து முளைக்காது. கற்ற கல்வி பயன்படாது. ஆற்றிய அறமும் ஒருவருடைய துயரையும் நீக்காது. தீவினையைத் தொடர்ந்து வரும் அச்சங்கிலியே, பசித்தவன் கையில் இட்ட ஒரு பிடி சோற்றையும் வீணாகாமல் காக்கிறது. ஆதலின் அதனைத் தளை என்று வெறுப்பதினும், துணை என்று கொண்டு நல்வினை ஆற்றுதலே அறிவுடைமையாகும்.