புதையலும் இயற்பியலும்

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. (இயற்பியல்)

புதையல் என்றதும் நம் நினைவுக்கு வருபவை பூதம் காக்கும் செப்புக் குடமும், வெற்றிலையில் மை தடவிப் பார்க்கும் மந்திரவாதியும்தான். இங்கிலாந்தில் நிலைமை வேறு. அங்கே அறுவடை முடிந்த வயல்களில், விடுமுறை நாட்களில், காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு, கையில் நீண்ட கோலேந்தி, அதன் நுனியிலுள்ள வட்டத் தட்டைத் தரையை ஒட்டி இடமும் வலமுமாக வீசியபடி நடப்பவர்களைக் காணலாம். தபால்தலை சேர்ப்பதைப் போல அவர்களுக்கு இதுவும் ஒரு பொழுதுபோக்கு. அந்தக் கோல்தான் மெட்டல் டிடெக்டர் என்னும் உலோகம் காட்டி.

கடையில் இக்கருவிகள் பல வகையாக விற்கப்படுகின்றன. ஒற்றை அதிர்வெண்ணில் இயங்குவது ஒன்று, பல அதிர்வெண்களில் இயங்குவது ஒன்று, துடிப்பு முறையில் இயங்குவது மற்றொன்று. விலையோ ஒன்றுக்கொன்று பத்து மடங்கு வரை வேறுபடும். எது சிறந்தது என்று விளம்பரத்தைக் கேட்டால், விலை கூடியதே சிறந்தது என்றுதான் சொல்லும். நம் மின்னியல் பாடப் புத்தகத்தைக் கேட்டால் என்ன சொல்லும் என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

இக்கருவி பிறந்த கதை சோகமானது. 1881ஆம் ஆண்டு ஜூலை 2ஆம் நாள் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் கார்ஃபீல்டு சுடப்பட்டார். உடலில் குண்டு எங்கே தங்கியது என்று மருத்துவர்களுக்குப் புலப்படவில்லை. எக்ஸ் கதிர்களை ராண்ட்ஜன் கண்டதே 1895இல்தான். தொலைபேசியைத் தந்த கிரகாம் பெல், ஹியூஸ் என்னும் அறிஞர் 1879இல் அமைத்திருந்த தூண்டல் தராசைத் திருத்தியமைத்து நோயாளியின் கட்டிலருகே கொண்டுவந்தார். ஆனால் கட்டிலில் இருந்த எஃகுச் சுருள்கள் கருவியைக் குழப்பின. போதாக்குறைக்கு, குண்டு வலப்பக்கம்தான் இருக்கிறது என்று நம்பிய தலைமை மருத்துவர் அந்தப் பக்கத்தை மட்டுமே சோதிக்க விட்டார். குண்டு இருந்ததோ இடப்பக்கம். செப்டம்பர் 19இல் கார்ஃபீல்டு இறந்தார். தேடும் உலோகத்தைவிடத் தேடாத உலோகம்தான் பெருந்தொல்லை என்பது அன்றே தெரிந்துவிட்டது. நூறாண்டுகளுக்கு மேலாக இக்கருவியைச் செப்பனிட்டவர்கள் எல்லாரும் பெரும்பாலும் இந்த ஒரு தொல்லையோடுதான் மல்லுக்கட்டியிருக்கிறார்கள்.

கருவியின் தத்துவம்

தட்டுக்குள் இரண்டு கம்பிச்சுருள்கள் உள்ளன. ஒன்றில் மாறுதிசை மின்னோட்டம் பாய்கிறது. மற்றொன்று, முதற்சுருளின் காந்தப்புலம் தன்னில் மின்னழுத்தம் எதையும் தூண்டாதபடி, அதன்மேல் சற்றே விலக்கிப் பொருத்தப்பட்டிருக்கிறது. அதாவது தராசு முள் நடுவில் நிற்கிறது. இப்போது தட்டுக்குக் கீழே ஒரு வெள்ளிக்காசு வந்தால், மாறும் காந்தப்புலம் அதில் சுழல் மின்னோட்டத்தைத் தூண்டும். அந்தச் சுழல் மின்னோட்டம் தனக்கென ஒரு காந்தப்புலத்தை உண்டாக்கும். இரண்டாம் சுருள் அதை உணரும். முள் சாயும். ஃபாரடேயும் லென்சும் சொன்னதற்கு மேல் இதில் புதிதாக ஒன்றும் இல்லை.

காசு இருக்கிறது என்று அறிவது எளிது. இருப்பது காசா, ஆணியா, சிகரெட் பெட்டித் தாளா என்று அறிவதற்குத்தான் அதிர்வெண் தேவைப்படுகிறது. காசை ஓர் எளிய எல்.ஆர். சுற்றாகக் கொள்வோம். அதற்கு ஒரு மின்தடையும் ஒரு தன்மின்தூண்டலும் உண்டு. தன்மின்தூண்டலை மின்தடையால் வகுத்தால் கிடைப்பது அதன் கால மாறிலி. தடித்த வெள்ளிக்காசுக்கு இது பெரிது. மெல்லிய தங்கத் துணுக்குக்கு மிகச் சிறிது. அதிர்வெண்ணை 6.28ஆல் பெருக்கி, அதைக் கால மாறிலியாலும் பெருக்கினால் ஓர் எண் வரும். அந்த எண் எந்தக் கோணத்தின் டேன்ஜெண்ட்டோ அதுவே அப்பொருள் காட்டும் கட்டக் கோணம். அதே கோணத்தின் சைன் மதிப்பு, பதிலின் வலிமையைக் காட்டும். கருவியின் திரையில் தோன்றும் அடையாள எண் இந்தக் கோணத்திலிருந்து பிறப்பதே.

இரண்டு காசுகளை எடுத்துக்கொள்வோம். கால மாறிலி ஒன்றுக்கு 100 மைக்ரோ விநாடி, மற்றொன்றுக்கு 150 என்க. 5 கிலோ ஹெர்ட்ஸில் முதற்காசின் கோணம் 72.3 பாகை, மற்றதன் கோணம் 78 பாகை. வேறுபாடு தெளிவாக உள்ளது. அதிர்வெண்ணை 40 கிலோ ஹெர்ட்ஸாக உயர்த்தினால் கோணங்கள் 87.7, 88.5 என்று ஒட்டிக்கொள்கின்றன. ஒரு பாகைகூட வேறுபாடில்லை. இனி இரண்டு மெல்லிய துணுக்குகள்: கால மாறிலி 1 மைக்ரோ விநாடியும் 2 மைக்ரோ விநாடியும். 5 கிலோ ஹெர்ட்ஸில் அவற்றின் கோணங்கள் 1.8, 3.6. இரண்டும் ஏறக்குறைய ஒன்றே. 40 கிலோ ஹெர்ட்ஸிலோ 14.1, 26.7 என்று நன்றாக விலகி நிற்கின்றன. வலிமையும் அப்படியே. துணுக்கின் பதில் 5 கிலோ ஹெர்ட்ஸிலிருந்து 40க்குப் போகும்போது ஏறத்தாழ 8 மடங்காகிறது. காசின் பதிலோ 0.95 பங்கிலிருந்து 0.999 பங்காக மட்டுமே ஏறுகிறது. உண்மையான காசு ஒற்றை வளையம் அன்று. ஆகவே எண்கள் சற்று மாறும். போக்கு மாறாது.

ஆகையால் உயர்ந்த அதிர்வெண் நல்லது, தாழ்ந்தது நல்லது என்ற வாதத்துக்கே இடமில்லை. எதைத் தேடுகிறோம் என்பதுதான் கேள்வி. தங்கத் துணுக்கு தேடுவோருக்கென்று செய்யப்பட்ட ஃபிஷர் கோல்டு பக் 2 என்னும் கருவி 71 கிலோ ஹெர்ட்ஸில் இயங்குவதும், பொதுவான காசுத் தேடலுக்கு வந்த கேரட் ஏஸ் 250 என்னும் மலிவுக் கருவி 6.5இல் இயங்குவதும் இதனால்தான். அதே நிறுவனத்தின் ஏ.டி. புரோ 15 கிலோ ஹெர்ட்ஸில் நடுவே நிற்கிறது.

இரும்பின் விவகாரம் தனி. அது காந்தமாகிவிடுவதால் அதன் பதில் மறுபக்கம் சாய்கிறது. அதனால் ஆணிகளைப் பெரும்பாலும் ஒதுக்கிவிடலாம். வட்டமான இரும்பு வாஷர் மட்டும் காசைப் போல நடித்து ஏமாற்றும். இன்னோர் ஏமாற்றும் உண்டு. குளிர்பான டப்பாவின் அலுமினிய வளையமும் தங்க மோதிரமும் ஏறக்குறைய ஒரே கோணத்தில் பேசுகின்றன. குப்பை வேண்டாம் என்று அந்தக் கோணத்தை அடைத்துவிட்டால் மோதிரமும் போயிற்று.

ஒரு சமன்பாடு போதாத இடம்

மண்ணே பேசத் தொடங்கும்போதுதான் சிக்கல் முற்றுகிறது. மண்ணில் கலந்துள்ள மாக்னடைட் போன்ற இரும்புத் தாதுக்கள் காந்தமாகி ஒரு திசையில் பதில் தருகின்றன. கடற்கரையின் உப்பு ஈரமோ மோசமான கடத்தியைப் போல அதற்குச் செங்குத்தான திசையில் பதில் தருகிறது. ஒற்றை அதிர்வெண் கருவியில் ஏதேனும் ஒரு திசையை அடைத்துவிடலாம். அதற்கு மண் சமன் என்று பெயர். வயலில் அது போதும். கடற்கரையில் தாதுவை அடைத்தால் உப்பு கத்துகிறது. உப்பை அடைத்தால் தாது கத்துகிறது. தெரியாத ராசிகள் கூடிவிட்டன, சமன்பாடு போதவில்லை.

இரண்டாவது அதிர்வெண்ணைச் சேர்த்தால் கணக்கு தீர்கிறது. தாதுவின் பதில் அதிர்வெண்ணோடு அவ்வளவாக மாறாது. உப்பு நீரின் பதில் அதிர்வெண்ணுக்கேற்ப உயரும். இரண்டு அளவீடுகளையும் தக்க விகிதத்தில் கழித்தால் இரண்டு தொல்லைகளும் மறைந்து காசு மட்டும் எஞ்சும். பல அதிர்வெண் முறையின் உயிர் இதுதான். ஃபிஷர் சி.இசட். வரிசைக் கருவிகள் 5, 15 கிலோ ஹெர்ட்ஸ் என்ற இரண்டை வைத்தே இதைச் செய்தன. 2018இல் வந்த மைன்லேப் ஈகுவினாக்ஸ் 800 பல அதிர்வெண்களை ஒருசேர அனுப்பும். வேண்டுமானால் 5, 10, 15, 20, 40 என்று ஒவ்வொன்றாகவும் தேர்ந்துகொள்ளலாம். அதே நிறுவனம் 17 அதிர்வெண், 28 அதிர்வெண் என்று முன்னர் விளம்பரம் செய்ததுண்டு. என் கருத்தில் அந்த எண்ணிக்கைக்கு மயங்க வேண்டியதில்லை. மூன்று தெரியாத ராசிகளுக்கு இருபத்தெட்டுச் சமன்பாடுகள் எதற்கு? பல அதிர்வெண்ணுக்கும் ஒரு விலை உண்டு. உப்பைக் கழிக்கும்போது, உப்பைப் போலவே பேசும் மெல்லிய தங்கச் சங்கிலியும் கழிந்துபோகிறது.

துடிப்பு முறை வேறு வழியில் போகிறது. மின்னோட்டத்தைச் சட்டென நிறுத்தி, சில மைக்ரோ விநாடிகள் வாய்மூடிக் காத்திருந்து, பிறகு காது கொடுத்துக் கேட்கிறது. அதற்குள் உப்பின் எதிரொலி பெரும்பாலும் ஓய்ந்துவிடும். உலோகத்தின் எதிரொலி மட்டும் தேய்ந்துகொண்டிருக்கும். ஆஸ்திரேலியாவின் இரும்புச்சத்து மிகுந்த தங்க வயல்களுக்கு ஏற்றது இதுவே. ஆனால் ஆணியையும் காசையும் இதனால் சரியாகப் பிரித்தறிய முடியாது. ஆணிகள் மண்டிய பழைய குடியிருப்பு நிலத்தில் இதைக் கொண்டுபோனவன் நாள் முழுதும் ஆணிதான் தோண்டுவான்.

ஆழம் என்னும் மயக்கம்

விலை கூடிய கருவி ஆழத்தில் உள்ளதையும் காட்டும் என்பது பலரின் நம்பிக்கை. சுருளின் காந்தப்புலம், சற்று விலகிய தொலைவில், தொலைவின் மும்மடிக்கு எதிர்விகிதத்தில் குறைகிறது. காசிலிருந்து திரும்பி வரும் புலமும் அவ்வாறே மும்மடியாகக் குறைகிறது. போக்குவரத்து இரண்டையும் சேர்த்தால் ஆறாம் அடுக்கு. ஆழம் இரு மடங்கானால் பதில் 64இல் ஒரு பங்காகிவிடும். இதையே திருப்பிச் சொன்னால், கருவியின் உணர்திறனை இரு மடங்காக்கினாலும் ஆழம் 12 விழுக்காடுதான் கூடும். ஒரு சாண் ஆழம் கண்ட கருவி, ஒரு சாணோடு இரண்டரை சென்டிமீட்டர் கூடக் காணும். அவ்வளவுதான்.

இந்த ஆறாம் அடுக்கை நம் மக்கள் அனைவரும் அறிந்திருந்தால் எத்தனையோ குடும்பங்கள் பிழைத்திருக்கும். அரை மைல் தொலைவில் உள்ள தங்கத்தைக் காட்டும் கருவி என்றும், அரிசியை இழுக்கும் இரிடியக் கலசம் என்றும் சொல்லி லட்சக்கணக்கில் பறிப்பவர்களைப் பற்றி நாளேடுகளில் படிக்கிறோம். படித்த நாடுகளும் இதற்கு விலக்கல்ல. கோல்ஃப் பந்து தேடும் விளையாட்டுக் கருவியை வெடிகுண்டு காட்டி என்று ஈராக் நாட்டுக்கு விற்ற ஆங்கிலேயருக்கு 2013இல் லண்டன் நீதிமன்றம் பத்தாண்டுச் சிறை விதித்தது. எங்கள் வீட்டில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் நான். இதையெல்லாம் என் தந்தையாரிடம் விளக்கியபோது, "அப்படின்னா தேங்காயை உள்ளங்கையில வெச்சு நீரோட்டம் பாக்குறாங்களே, அது?" என்று கேட்டார். தேங்காய்க்கு அதிர்வெண் இல்லை அப்பா என்றேன். அவர் சிரித்தாரே தவிர ஒப்புக்கொள்ளவில்லை.

கிடைத்தவையும் தொலைந்தவையும்

2009 ஜூலையில் இங்கிலாந்தின் ஸ்டாஃபர்டுஷயர் பகுதியில் ஒரு வயலில் டெரி ஹெர்பர்ட் என்பவர் ஆங்கிலோ சாக்சன் காலத்துத் தங்கக் குவியலைக் கண்டார். நான்காயிரத்துக்கும் மேற்பட்ட துண்டுகள். தங்கம் மட்டும் ஏறத்தாழ 4 கிலோ. 32 லட்சத்து 85 ஆயிரம் பவுண்டு என மதிப்பிட்டு, அவருக்கும் நிலத்துக்காரருக்கும் பகிர்ந்தளித்தனர். அவர் கையிலிருந்த கருவி, பழைய சாமான் சந்தையில் இரண்டரைப் பவுண்டுக்கு வாங்கியது என்று பத்திரிகைகள் எழுதின. ஆறாம் அடுக்கு விதியை அறிந்தவர்களுக்கு இதில் வியப்பில்லை. ஏர் கிளறிய மேல்மண்ணில் கிடப்பதை மலிவுக் கருவியும் காட்டும்.

அதைவிட என் மனத்தைக் கவர்ந்தது 1992 நவம்பரில் சஃபோக் மாவட்டத்து ஹாக்ஸ்ன் கிராமத்தில் நடந்தது. எரிக் லாஸ் என்பவர் புதையல் தேடிப் போகவில்லை. நண்பரின் வயலில் தொலைந்த சுத்தியலைத் தேடிப் போனார். அகப்பட்டவை ரோமானியப் பொற்காசுகளும் வெள்ளிக் கரண்டிகளும். சிறிது தோண்டியதும் அவர் நிறுத்திக்கொண்டு அதிகாரிகளுக்குச் சொல்லி அனுப்பினார். மறுநாள் தொல்லியலாளர் வந்து முறையாக அகழ்ந்தனர். சுமார் 15,000 காசுகள். அதற்கும் மேலாக, அவை ஒரு மரப்பெட்டிக்குள் சிறு பெட்டிகளாகப் பிரித்து அடுக்கப்பட்டிருந்த முறையும் தெரியவந்தது. மரம் மக்கிப்போயிருந்தும், பொருள்கள் கிடந்த வரிசை சாட்சி சொன்னது. அவரே மண்வெட்டியால் வாரியிருந்தால் காசு கிடைத்திருக்கும், பெட்டி கிடைத்திருக்காது. உலோகம் காட்டிக்கு மரம் தெரியாது அன்றோ! சுத்தியலும் கிடைத்தது. இப்போது அதுவும் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் உடைமை.

நேர்மாறான நிகழ்ச்சி 2015இல் ஹெரஃபோர்டுஷயரில் நடந்தது. இருவர் வைக்கிங் காலப் புதையலைக் கண்டு, சொல்லாமல் மறைத்து விற்றனர். சுமார் 300 காசுகள் இருந்திருக்கலாம் என்று கணிக்கப்பட்டது. வழக்கு நடந்தபோது மீட்கப்பட்டிருந்தவை 31. அவற்றுள் சில, வெசெக்ஸ் அரசர் ஆல்ஃபிரடும் மெர்சியா அரசர் சியோல்வுல்ஃபும் கூட்டாளிகளாக இருந்ததைக் காட்டும் அரிய காசுகள். பின்னால் எழுதப்பட்ட குறிப்பு சியோல்வுல்ஃபை மதியற்றவர் என்று ஒதுக்கியிருந்தது. காசு வேறு கதை சொல்கிறது. மீதிக் காசுகள் என்ன சொல்லியிருக்குமோ! 2019இல் இருவருக்கும் நீண்ட சிறைத்தண்டனை கிடைத்தது. அந்நாட்டின் 1996ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, கண்டவர் 14 நாட்களுக்குள் தெரிவித்திருந்தால் போதும். உரிய பணத்தை அவர்கள் நேர்வழியிலேயே பெற்றிருக்கலாம்.

நம் நாட்டிலும் சட்டம் உண்டு. 1878ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டப்படி, மண்ணில் புதைந்த பொருள் பத்து ரூபாய் மதிப்புக்கு மேற்பட்டால் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். பாதுகாக்கப்பட்ட தொல்லியல் இடங்களில் அனுமதியின்றித் தோண்டுவது குற்றம். ஆகவே இக்கட்டுரையைப் படித்துவிட்டு யாரும் மண்வெட்டியோடு கோட்டை மேட்டுக்குக் கிளம்ப வேண்டாம்.

இயற்பியல் ஆய்வகத்துக்குக் கிளம்பலாம். வேண்டியவை இரண்டு தட்டைக் கம்பிச்சுருள்கள், ஓர் ஒலி அதிர்வெண் அலையியற்றி, ஓர் ஆசிலாஸ்கோப். ஒரு சுருளின் மேல் மற்றொன்றை வைத்து, திரையில் அலை மறையும் வரை மெல்ல நகர்த்துங்கள். பிறகு அருகே ஒரு தடித்த செப்புத் தகட்டையும், அடுத்து மெல்லிய அலுமினியத் தாளையும் கொண்டுவாருங்கள். 1 கிலோ ஹெர்ட்ஸிலும் 20 கிலோ ஹெர்ட்ஸிலும் லிசாஜூ உருவம் சாய்வதைக் குறித்துக்கொள்ளுங்கள். கடைசியில் ஒரு ரூபாய் நாணயத்தையும் வைத்துப் பாருங்கள். 1990களுக்குப் பின் அச்சிட்ட எஃகு நாணயமானால் காந்தத்தில் ஒட்டும். அதனால் செம்பைப் போலப் பேசாது. பழைய செம்பு நிக்கல் நாணயம் யாரிடமாவது இருந்தால் அதையும் கொண்டுவாருங்கள்.