பக்கத்தை வேராக வைக்காதீர்கள்

நூல்களை அச்சுக்கு ஒழுங்குசெய்யும் மென்பொருளை எழுதப் புகுகின்றவர்கள், எழுத்துருவைப் பற்றியும் திரையின் தோற்றத்தைப் பற்றியும் யோசிப்பதற்கு முன்னால், ஒரு நூலைக் கணினியின் நினைவகத்தில் எந்த உருவில் வைத்துக்கொள்ளப் போகிறோம், அதில் எது எதற்குள் அடங்கும், எது எதைச் சுட்டும் என்பதை நிர்ணயித்துக்கொள்ள வேண்டும். அந்த நிர்ணயம் பிசகினால், பின்னர் எத்தனை திறமைசாலிகள் கூடிக் கண்விழித்தாலும் பரிகாரம் கிடையாது. சென்னையில் ஓர் அச்சகத்துக்காகத் தமிழ் நூல் வடிவமைப்பு மென்பொருளை எழுதிய காலத்தில் இதை நான் பிரத்தியட்சமாகக் கண்டேன். அங்கே நேர்ந்த பிசகை ஆரம்பத்திலேயே எடுத்துச் சொன்னவனும் நான்தான். முடிவில் அதைச் சரிசெய்து கொடுத்தவனும் நான்தான். ஆகையால் இவ்விஷயத்தில் அபிப்பிராயம் சொல்ல எனக்கு உரிமை உண்டு என்று கருதுகிறேன்.

அச்சகத்தார் அமர்த்தியிருந்த ஆலோசகர், ஈய எழுத்துக் கோத்த காலத்திலிருந்தே தொழிலில் இருந்த பெரியவர். காகித அளவு, மை, பிளேட் ஆகியவற்றில் அவருடைய ஞானத்தை இன்றும் நான் மதிக்கிறேன். ஆனால் பாரம் பாரமாகவே நூலைப் பார்த்துப் பழகிய அவருடைய கண்ணுக்கு, நூல் என்பது பக்கங்களின் தொகுதியாகவே தோன்றியது.

"தம்பி, புத்தகம்னா என்ன, பக்கம்தானே? பக்கத்தை முதல்ல வை. பாரா, வரி, படம் எல்லாம் அதுக்குள்ள அடங்கிடும்" என்றார்.

"ஐயா, பாதிப் பாராவிலே பக்கம் முடிஞ்சா அந்தப் பாரா எந்தப் பக்கத்துக்குச் சொந்தம்?" என்று கேட்டேன்.

"ரெண்டா வெட்டிடு" என்றார்.

பாத்திக்குப் பாத்தி நீர் பாய்கிறது என்பதற்காக நீரைப் பாத்தியின் சொத்தாகப் பதிவுசெய்து வைக்க முடியுமா? என் ஆட்சேபத்தைக் காரணங்களோடு எழுதியும் கொடுத்தேன். நிர்வாகம் பெரியவர் பக்கமே சாய்ந்தது. நூல் வேர், அதன் கிளைகள் பக்கங்கள், பக்கத்துக்குள் பத்திகள், பத்திக்குள் வரிகள், பக்கம் முடியும் இடத்தில் பத்தி இரு கணுக்களாக வெட்டப்படும், அடிக்குறிப்பு பக்கத்தின் கீழே தனிக் கிளையாக நிற்கும் என்று மரம் அமைந்தது. கவிதைத் தொகுதிகளும் சிறு பிரசுரங்களும் அதில் நன்றாகவே வெளிவந்தன. அதுதான் பெரிய ஆபத்து. பிசகான கட்டமைப்பு சிறிய நூலில் பிசகைக் காட்டுவதே இல்லை.

பிறகு, பக்கத்துக்குப் பக்கம் அடிக்குறிப்பு கொண்ட ஓர் உரைநூல் வந்தது. டெம்மி 1/8 அளவு. ஒரே தாளில் சேர்ந்து அச்சாகும் பாரத்துக்கு 16 பக்கம். ஆகவே ஏழாவது பாரம் 112ஆம் பக்கத்தோடு முடியும். எட்டாவது பாரம் 113இல் தொடங்கும். அந்த எல்லையின்மீதே ஒரு நீண்ட பத்தி படுத்திருந்தது. ஆசிரியர் கடைசிப் புரூபில் 109ஆம் பக்கத்தில் ஒரே ஒரு வாக்கியத்தைச் சேர்த்தார். அவ்வாக்கியம் இரண்டு வரிகளைக் கீழே தள்ள, 112இன் இறுதி இரு வரிகள் 113க்குப் போக வேண்டியதாயிற்று. நிரல் என்ன செய்தது? முன்பே வெட்டப்பட்டிருந்த பத்தியின் முதல் துண்டை மறுபடியும் வெட்டி, அந்த இரு வரிகளை ஒரு புதிய கணுவாக 113இன் தலையில் வைத்தது. புதிய கணுவாகையால் அதைப் புதிய பத்தியாகவே எண்ணி, வாக்கியத்தின் நடுச்சொல்லுக்கு முன்னால் பத்தித் தொடக்க இடைவெளி விட்டது. 112இல் எஞ்சிய துண்டின் கடைசி வரியைப் பத்தியின் இறுதி வரியாகப் பாவித்து, வலப்புறம் நிரப்பாமல் பாதியில் நிறுத்திற்று. 4 என்னும் அடிக்குறிப்பு எண் வரியோடு 113க்குப் போய்விட்டது. குறிப்போ பக்கத்தின் சொத்தாகையால் 112இன் அடியிலேயே தங்கிவிட்டது. பொருளகராதி அந்தச் சொல்லை இன்னமும் 112இல் தேடச் சொல்லிற்று. ஒரு வாக்கியந்தானே சேர்ந்தது என்று மறு புரூப் பார்க்காமல் பிளேட் போட்டார்கள். இரண்டு பாரங்கள் அச்சேறிய பிறகு ஆசிரியரே கண்டு அலறினார்; இரண்டையும் கழித்துவிட்டு மறுபடியும் அடிக்க வேண்டியதாயிற்று.

காகித நஷ்டத்தைவிட என் மனத்தை அதிகம் வருத்தியது வேறொன்று. கூடிய கூட்டத்தில் பழி முழுவதும் டிடிபி வேலைசெய்த இரண்டு பெண்கள்மீது போடப்பட்டது. அஜாக்கிரதை என்று பெரியவர் சொன்னார். அவர்கள் செய்ததெல்லாம் ஆசிரியர் எழுதிக்கொடுத்த வாக்கியத்தைப் பிழையின்றிச் சேர்த்ததுதான். எந்தத் திருத்தத்தைச் செய்தாலும் எங்கோ ஒரு பத்தி உடையும்படி கட்டமைப்பை வகுத்துவிட்டு, உடைந்ததற்குக் கை வைத்தவரைக் குற்றம் சொல்வது நியாயமே அன்று. என் பழைய கடிதத்தை அன்று மேஜைமீது வைத்தேன். நான் கேட்டுக்கொண்டபடி கட்டமைப்பை மாற்றி எழுத அதன் பிறகுதான் சம்மதம் கிடைத்தது.

மாற்றத்தின் சாரம் எளியது. நூலின் உள்ளடக்கம் ஒரு கட்டமைப்பு. அச்சுத் தோற்றம் வேறொரு கட்டமைப்பு. உள்ளடக்கத்தில் அத்தியாயம், பத்தி, பத்திக்கு உரிய பாணியின் பெயர், பத்தியின் எழுத்தோட்டத்திலேயே பதிந்த அடிக்குறிப்பு, பொருளகராதிக் குறி ஆகியவை மட்டும் இருக்கும். பக்கம் என்ற ஒன்று அங்கே இராது. தோற்றக் கட்டமைப்பிலோ பக்கமும் வரியும் உண்டு. ஆனால் ஒரு வரி எழுத்துகளைத் தன்னிடம் வைத்துக்கொள்ளாது. இன்ன பத்தியின் இன்ன இடத்திலிருந்து இன்ன இடம் வரை என்று சுட்டுவதோடு அதன் காரியம் முடிந்தது. திருத்தம் எப்போதும் உள்ளடக்கத்தில்தான் நிகழும். தோற்றத்தைக் கலைத்துவிட்டு அந்தப் பத்தி முதற்கொண்டு மீண்டும் கணக்கிடலாம். பத்தி எத்தனை பக்கங்களில் பரவினாலும் ஒன்றாகவே இருக்கும்.

பத்தியை வரிகளாக்குவதற்கு டொனால்ட் நூத் வகுத்த வழியே நான் கைக்கொண்டது. 1977இல் தம் நூலின் இரண்டாம் பாகத்துக்குப் புதுப்பதிப்புப் புரூப் வந்தபோது, ஒளி அச்சுக்கோப்பின் அவலட்சணத்தைச் சகியாமல் டெக் என்னும் மென்பொருளை எழுதப் புகுந்தவர் அவர். பத்தியைப் பெட்டி, பசை, அபராதம் ஆகிய மூன்று உறுப்புகளின் பட்டியலாக அவர் கண்டார். பெட்டிக்கு நிலையான அகலம் உண்டு. பசை என்பது விரியவும் சுருங்கவும் கூடிய இடைவெளி. அபராதம் அந்த இடத்தில் வரியை முறிப்பதற்கு உரிய விலை. 10000 என்றால் முறிக்கவே கூடாது. அதையே எதிர்ம எண்ணாக இட்டால் முறித்தே தீர வேண்டும். நூத்தும் மைக்கேல் பிளாஸும் 1981இல் வெளியிட்ட முறை, வரி வரியாக நிரப்பிக்கொண்டு போகாமல், பத்தி முழுவதையும் சீர்தூக்கி, மொத்த அவலட்சணம் எங்கே குறைவோ அங்கே முறிக்கிறது. தமிழுக்கு இது மிகவும் அவசியம். நம் சொற்கள் நீளம். டெம்மிப் பக்கத்தின் ஒரு வரியில் ஆறேழு சொற்களே அடங்கும். நிரப்ப வேண்டிய வெற்றிடம் முழுவதும் ஐந்தாறு இடைவெளிகளின் தலையிலேயே விழும்.

தமிழில் பெட்டி எது என்பதிலும் கவனம் வேண்டும். யூனிகோடு முறையில் 'கொ' என்பதைக் ககரத்தைத் தொடர்ந்து ஒரே குறியாகவும் வைக்கலாம். கொம்பு, கால் என்று இரண்டு குறிகளாகவும் வைக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. எனவே உள்ளே வரும்போதே ஒரே வடிவுக்குக் கொண்டுவந்துவிடுங்கள். உங்களிடமும் பழைய எழுத்துருவில் தட்டிய கோப்புகள் நிறைய இருக்கும்; அவற்றில் கொம்பு ககரத்துக்கு முன்னால் நிற்கும், எழுத்தின் வரிசையே வேறு; மாற்றாமல் சேர்த்தால் தேடுதலும் அகராதியும் கெடும். பெட்டி என்பது ஒரு குறியாக இராமல், பிரிக்கக் கூடாத எழுத்துத் தொகுதியாக இருக்க வேண்டும். இதற்குப் பொதுவாக உள்ள யூனிகோடு விதியை மட்டும் நம்பினால் 'பக்ஷம்' என்ற சொல் 'பக்' என்றும் 'ஷம்' என்றும் இரண்டு வரிகளில் பிரியும். ஆதலால் 'க்ஷ' என்பதைத் தனியே ஒரு பெட்டியாகக் கட்டினேன். வரியின் தலையில் புள்ளி வைத்த எழுத்து வரக் கூடாது என்ற மரபை, அவ்வெழுத்துக்கு முன்னால் 10000 அபராதம் வைத்துக் காப்பாற்றினேன். எழுத்துரு வடிவங்களைப் பொருத்துவதற்கு ஹார்ஃபஸ் போன்ற நிரல் நூலகங்கள் உள்ளன. அதை நாமே எழுத முயல்வது வீண் சிரமம்.

அளவுகளை மிதவைப்புள்ளி எண்ணில் வைக்காதீர்கள். கூட்டக் கூட்டப் பிசிறு சேரும். ஒரே நூல் இரண்டு கணினிகளில் இரண்டு விதமாக முறியும். ஒரு பாயிண்டை 65536 கூறாக்கி முழு எண்ணில் வைக்கும் நூத்தின் வழியே உத்தமம். ஆனால் அவருடைய பாயிண்ட் அங்குலத்துக்கு 72.27, போஸ்ட்ஸ்கிரிப்டிலும் பிடிஎஃபிலும் அங்குலத்துக்கு 72. இரண்டையும் கலந்துவிட்டால் 18 சென்டிமீட்டர் உயரத்தில் வித்தியாசம் அரை மில்லிமீட்டருக்கு மேல் போகும். பிடிஎஃபின் ஆதிப்புள்ளி பக்கத்தின் கீழ் இடது மூலையில் உள்ளது என்பதையும் நினைவில் வையுங்கள்.

பக்கம் பிரிப்பது வரி பிரிப்பதைவிடக் கடினம். சில வகைகளில் மிகச் சிறந்த பிரிப்பைக் காண்பது நடைமுறையில் கணித்து முடிக்க இயலாத சிக்கல் வகையைச் சேர்ந்தது என்பதை பிளாஸ் தம் 1981ஆம் ஆண்டு ஆய்வேட்டில் நிரூபித்திருக்கிறார். ஆகவே பூரணத்தை நாடாமல், ஒவ்வொரு வரிப்பதிவோடும் அதன் உயரத்தையும் அது இழுத்துவரும் அடிக்குறிப்புகளின் உயரத்தையும் சேர்த்தே வைத்தேன். வரி எந்தப் பக்கத்துக்குப் போனாலும் குறிப்பும் அதே பக்கத்துக்குப் போகும்; 112க்கும் 113க்கும் நேர்ந்த விபரீதம் அதன்பின் நேர இடமே இல்லை. பத்தியின் தனிவரி பக்கத்தின் தலையிலோ அடியிலோ ஒதுங்கி நிற்பதைத் தடுப்பதற்கும் அபராதமே போதும்.

குறுக்குக் குறிப்புகளில் ஒரு சூட்சுமம் உண்டு. '99ஆம் பக்கம் காண்க' என்பது '100ஆம் பக்கம்' ஆகும்போது ஓர் இலக்கம் கூடுகிறது; அதனால் வரி நீள, பக்கம் தள்ளிப்போய், எண் மறுபடியும் மாற, கணக்கு ஓயாமல் சுழலும். பக்க எண்ணுக்கு மூன்று இலக்க அகலத்தை முன்கூட்டியே ஒதுக்கிவைத்துச் சுற்றுகளுக்கு ஓர் உச்சவரம்பு விதித்தேன். பாரத்தில் பக்கங்களை அடுக்கும் வரிசை, அதாவது தாளின் ஒரு புறத்தில் 1, 4, 5, 8, 9, 12, 13, 16, மறுபுறத்தில் மற்றவை என்பது, தனி அட்டவணையாக இருக்கட்டும். பெரியவர் சொன்ன பக்கம் பக்கமான பார்வைக்கு உரிய ஸ்தானம் அங்கேதான்.

டெக் இருக்கும்போது அதையே கொண்டால் என்ன என்று சிலர் என்னைக் குறைகூறினார்கள். ஆசிரியர் அருகில் அமர்ந்து சொல்லச் சொல்லத் திரையில் திருத்த வேண்டியவர்களிடம் கட்டளைக் கோப்பை நீட்டுவது உசிதமாகாது. நூத்தின் தத்துவத்தை எடுத்துக்கொண்டேன். கருவியை அவர்களுடைய கைக்கு ஏற்றபடி செய்தேன். அதில் எனக்கு எந்தச் சங்கடமும் இல்லை.

தோற்றத்தை எப்போது வேண்டுமானாலும் கலைக்கலாம் என்று சொன்னேன். அதற்கு ஒரு விலக்கு உண்டு. ஒரு பாரம் பிளேட்டுக்குப் போன கணத்தில் அந்தப் பதினாறு பக்கங்களின் முறிவிடங்களையும், பயன்படுத்திய எழுத்துருவின் பதிப்பு எண்ணையும், தனிக் கோப்பில் உறையவைத்துவிடுங்கள். எழுத்துருவை வெளியிட்டவர் பின்னொரு நாளில் ஓர் எழுத்தின் அகலத்தை இம்மியளவு திருத்தினாலும் மறுபதிப்பில் வரிகள் வேறு இடங்களில் முறியும். பிறர் தம் நூல்களில் நம் பக்க எண்ணைக் காட்டி எழுதிய மேற்கோள்கள் எல்லாம் தவறாகிவிடும். அந்த உரைநூல் மறுபதிப்புக்கு வந்தபோது அச்சகத்தில் இருந்தது புதிய எழுத்துரு. உறைந்த கோப்பைக் கொண்டு அடித்ததில் அடிக்குறிப்பு 4 பழைய பதிப்பில் இருந்த அதே வரியில் நின்றது.