வன்தட்டின் பலகை கருகினால்

காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ், குடும்பப் படங்கள் ஆகியவற்றின் பிரதிகளை வெளி வன்தட்டில் சேமித்திருக்கிறீர்களா? 12 வோல்ற் கேட்கும் பெரிய வன்தட்டில் மடிக்கணினியின் 19 வோல்ற் அடப்டரைச் செருகிவிட்டால் கருகல் மணம் எழும், தட்டு சுழலாது. அதை வீசிவிட வேண்டாம். உங்கள் பிரதிகள் உள்ளே இருக்கும் தட்டில் உள்ளன. கருகியது பல வேளைகளில் வெளிப் பலகையிலுள்ள ஒரு சிறு உறுப்பே.

1. மின்னைத் துண்டியுங்கள். திருகாணிகளைக் கழற்றிப் பலகையை மட்டும் எடுங்கள். தட்டின் மூடியைத் திறக்கவே கூடாது. தூசு உள்ளே போய்விடும்.

2. மின் இணைப்பின் அருகே இருமுனைக் கறுப்பு உறுப்புகள் இரண்டைத் தேடுங்கள். இவை காவல் டயோட்டுகள். ஒன்று 12 வோல்ற்றுக்கு, மற்றது 5 வோல்ற்றுக்கு. மின் மிஞ்சினால் தாம் பழுதாகிப் பலகையைக் காப்பவை இவை.

3. மல்ரிமீற்றரை ஓம் அளவில் வைத்து ஒவ்வொன்றின் இரு முனைகளையும் தொடுங்கள். ஏறக்குறைய 0 காட்டுவது பழுது.

4. அதைப் பற்றாசுக்கோலால் அகற்றி, அவ்விடத்தை மீண்டும் அளவுங்கள். 0 மறைந்தால், பலகையைப் பூட்டிச் சரியான அடப்டரை இணையுங்கள். தட்டு இயங்கினால் உடனே பிரதி எடுங்கள். இப்போது அதற்குக் காவல் இல்லை.

5. பிறகு அதே குறியுள்ள புதிய டயோட்டை, கோடு பழைய பக்கமே இருக்கும்படி பொருத்துங்கள்.

0 மறையாவிட்டால் மின் கொடுக்காதீர்கள்; தொழில்நுட்பவியலாளரிடம் கொண்டுசெல்லுங்கள். பலகையையே மாற்றுவதானால், அந்தத் தட்டுக்குரிய விபரங்கள் உள்ள சிறு நினைவகச் சில்லையும் பழையதிலிருந்து மாற்ற வேண்டியிருக்கும்.

அடப்டரில் அதன் வோல்ற்றைப் பெரிதாக எழுதி ஒட்டுங்கள். இன்னொரு பிரதியை உறவினர் வீட்டில் வையுங்கள்.