பட்டுப் புடவைப் படம் மட்டும் ஏன் திறக்க மறுக்கிறது?

கேள்வி: எங்கள் ஊர் ஸ்டூடியோவுக்காகக் கல்யாணப் படங்களை வகைப்படுத்தும் சிறு மென்பொருள் ஒன்றை எழுதியிருக்கிறேன். பட்டியலில் பளிச்சென்று தெரிய வேண்டும் என்பதற்காக, ஒவ்வொரு ஜேபெக் கோப்புக்குள்ளும் 640×480 அளவில் தம்ப்நெயில் வைக்கிறேன். பாஸ்போர்ட் படங்களில் சிக்கலே இல்லை. மண்டபத்தில் எடுத்த சில படங்கள் மட்டும் அதன்பிறகு திறப்பதில்லை. எங்கே தவறு?
– வாசகர், கும்பகோணம்

பதில்: முதலில், மூலப் படங்கள் மீது அந்த மென்பொருளை ஓட்டுவதை இன்றே நிறுத்துங்கள். நகலில் மட்டும் சோதியுங்கள். தாலி கட்டிய நேரத்தை மறுபடி எடுக்க முடியாது.

கேமரா விவரம், எடுத்த நேரம், இடம், தம்ப்நெயில் எல்லாமே எக்ஸிஃப் என்ற ஒரே பொட்டலத்துக்குள் போகின்றன. பொட்டலத்தின் நீளத்தை எழுத ஜேபெக் தரும் இடம் 2 பைட். அதில் அடங்கும் மிகப் பெரிய எண் 65,535. அந்த 2 பைட்டும் இதே கணக்கில் சேரும்.

பாஸ்போர்ட் படத்தில் பின்னணி வெறும் ஒரே நிறம், நன்றாகச் சுருங்கிவிடும். ஜரிகை, பூமாலை, சரவிளக்கு, கூட்டம் என்று நுணுக்கம் கூடினால் அதே 640×480 பல மடங்கு பருத்துவிடும். பொட்டலம் 70,000 பைட் ஆகிவிட்டது என்று வையுங்கள். உங்கள் நிரல் வரம்பைப் பார்க்காமல் எழுதினால், 65,536 கழிந்து மிச்சமான 4,464தான் பதிவாகும். படிக்கும் மென்பொருள் 4,464 பைட் தாண்டி அடுத்த பகுதியைத் தேடும். தம்ப்நெயிலின் நடுவயிற்றில் போய் விழும். கோப்பு கெட்டுவிட்டது என்று கைவிரித்துவிடும்.

கெட்டுப்போன படங்களை அழித்துவிடாதீர்கள். பெரிய படம் உள்ளே பத்திரமாகவே இருக்கும். தம்ப்நெயில் எங்கே தொடங்குகிறது, எவ்வளவு நீளம் என்ற குறிப்புகள் எக்ஸிஃபுக்குள் 4 பைட் எண்களாக இருப்பதால் அவை உண்மையான அளவையே சொல்லும். தம்ப்நெயிலைப் பொட்டலத்தின் கடைசியில் வைத்திருந்தால், அதன் முடிவைக் கணக்கிட்டு, அதுவரை உள்ளதை வெட்டி, சரியான பொட்டலத்தைப் பொருத்தலாம்.

இனி எழுதும்போது மற்ற விவரங்களை முதலில் அடுக்குங்கள். கேமரா நிறுவனம் தனக்கென எழுதும் மேக்கர்நோட் பகுதி மாடலுக்கு மாடல் வேறுபடும் என்பதால், மிச்சம் எவ்வளவு என்பதை ஒவ்வொரு கோப்புக்கும் தனியாகக் கணக்கிட வேண்டும். கேமராக்களுக்கான டிசிஎஃப் விதி சொல்லும் தம்ப்நெயில் அளவு 160×120. அதைச் சுருக்காமல் வைத்தாலே 57,600 பைட்தான். ஜேபெக்காக்கினால் மிகச் சிறிதாகிவிடும். தம்ப்நெயிலுக்குள் நிறச் சுயவிவரமோ வேறொரு எக்ஸிஃபோ ஒட்டிக்கொண்டு வந்திருந்தால் உரித்துவிடுங்கள். இடத்தைத் தின்பது பலமுறை அதுதான். பிறகும் கொள்ளவில்லையென்றால் தரத்தைக் குறையுங்கள். அப்படியும் முடியாவிட்டால் தம்ப்நெயிலையே விட்டுவிடுங்கள். இடம் வேண்டும் என்று மேக்கர்நோட்டில் மட்டும் கை வைக்காதீர்கள். தம்ப்நெயிலைப் படத்திலிருந்து எப்போது வேண்டுமானாலும் மறுபடி செய்துகொள்ளலாம். மேக்கர்நோட் போனால் போனதுதான்.

பளிச்சென்ற 640×480 படங்களைத் தனி ஃபோல்டரில் சேமித்து, பட்டியலில் அவற்றைக் காட்டுங்கள்.

படத்தை வெட்டினால் தம்ப்நெயிலையும் அப்போதே புதிதாக எழுதும்படி செய்யுங்கள். இல்லையென்றால், வாடிக்கையாளர் வேண்டாமென்று வெட்டச் சொன்ன ஆள் உள்ளே சின்னதாக நின்றுகொண்டிருப்பார். அந்தக் கோப்பு அப்படியே ஊர் முழுக்கப் போகும்.