இரு மின்னோட்டங்களின் போட்டி

பொழுது புலருமுன் எழும் பால்மரத் தொழிலாளி முதலில் வீட்டு விளக்கை ஏற்றுகிறார். பின்னர் பேட்டரி விளக்கை நெற்றியில் கட்டிக்கொண்டு நிரைக்குப் புறப்படுகிறார். இரண்டும் மின்விளக்குகளே. ஆயினும் இரண்டிலும் ஓடும் மின்சாரம் ஒரே வகையானது அன்று. பேட்டரியிலிருந்து வருவது எப்போதும் ஒரே திசையில் ஓடும், அது நேர்மின்னோட்டம். வீட்டுக் கம்பியில் வருவது நொடிக்கு 50 சுற்றுகளாக முன்னும் பின்னும் திசை மாறி ஓடும், அது மாறுமின்னோட்டம்.

இவ்விரண்டில் எது சிறந்தது என்பது குறித்து அமெரிக்காவில் ஒரு காலத்தில் பெரும் போட்டி மூண்டது. தாமஸ் எடிசன் 1882இல் நியூயார்க் நகரில் மின்னிலையம் ஒன்றைத் திறந்து, 110 வோல்ட் நேர்மின்னோட்டத்தை வீடுகளுக்கும் கடைகளுக்கும் வழங்கினார். ஆனால் ஏறத்தாழ ஒரு மைல் தொலைவுக்குமேல் அதனைச் சிக்கனமாக அனுப்ப இயலவில்லை. வழியிலேயே கம்பி சூடேறி மின்னாற்றல் வீணாயிற்று.

ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் மாறுமின்னோட்டத்தைக் கையாண்டார். நிக்கோலா டெஸ்லாவின் காப்புரிமைகளையும் 1888இல் பெற்றார். அவர்களுக்குக் கைகொடுத்தது மின்மாற்றி என்னும் கருவியாகும். அதன் ஒரு கம்பிச்சுருளில் ஓட்டம் மாறிக்கொண்டே இருந்தால்தான் மறு சுருளில் மின்சாரம் தூண்டப்படும். சுருள்களின் சுற்று எண்ணிக்கைக்கு ஏற்ப மின்னழுத்தத்தை உயர்த்தலாம், தாழ்த்தவும் செய்யலாம். அழுத்தத்தைப் பத்து மடங்காக உயர்த்தினால், அதே ஆற்றலை அனுப்பப் பத்தில் ஒரு பங்கு ஓட்டமே போதும். கம்பியில் வெப்பமாக வீணாவதோ நூறில் ஒரு பங்காகக் குறைந்துவிடும்.

தோல்வியை உணர்ந்த எடிசன் தரப்பு அச்சத்தைக் கருவியாக்கிற்று. அத்தரப்பின் உதவியோடு ஹெரால்ட் பிரவுன் என்பவர், பலர் முன்னிலையில் மாறுமின்னோட்டத்தைப் பாய்ச்சி நாய்களைக் கொன்று காட்டினார். 1890இல் நியூயார்க் மாநிலத்தில் மரண தண்டனைக் கைதி ஒருவருக்கும் அதே மின்னோட்டம் பயன்படுத்தப்பட்டது. மாறுமின்னோட்டம் ஆபத்தானது என்பது உண்மையே. ஆனால் உயர்ந்த அழுத்தத்தில் எந்த மின்னோட்டமும் உயிரைப் பறிக்கும் என்ற மறுபாதி உண்மை மறைக்கப்பட்டது. எனினும் அச்சம் நெடுநாள் நிலைக்கவில்லை. 1893இல் சிகாகோ உலகக் கண்காட்சியில் வெஸ்டிங்ஹவுஸின் விளக்குகள் ஒளிர்ந்தன. 1896இல் நயாகரா நீர்வீழ்ச்சியின் மின்சாரம் பஃபலோ நகரைச் சென்றடைந்தது.

நம் நாட்டிலும் இவ்வளர்ச்சியின் படிகளைக் காணலாம். 1894இல் லோக் இயூவும் நம்மவரான தம்புசாமிப் பிள்ளையும் ரவாங்கிலுள்ள தங்கள் ஈயச் சுரங்கத்திலேயே மின்னாக்கியை நிறுவினர். மின்சாரம் உண்டாகும் இடமும் பயன்படும் இடமும் ஒன்றாகவே இருந்தன. 1930இல் பேராக் ஆற்றின் செண்டெரோ அணை மின்னாற்றல் வழங்கத் தொடங்கியபோது நிலை மாறியது. ஆற்றங்கரையில் பிறந்த மின்சாரம் தொலைவிலுள்ள கிந்தா ஈயச் சுரங்கங்களை இயக்கிற்று.

இன்று கமுந்திங் நிலையத்தில் நின்று மேலே நோக்கினால் அதே தத்துவத்தைக் காணலாம். ஈப்போவிலிருந்து பாடாங் பெசார் வரை செல்லும் இருவழிப் பாதையின்மேல் 25,000 வோல்ட் மாறுமின்னோட்டம் ஓடுகிறது. ஆனால் கோலாலம்பூரின் எல்.ஆர்.டி. ரயிலோ 750 வோல்ட் நேர்மின்னோட்டத்தில் ஓடுகிறது. கெடா மாநிலத்தின் குரூணிலிருந்து தாய்லாந்துக்குச் செல்லும் 110 கிலோமீட்டர் மின்தொடரும் 3 லட்சம் வோல்ட் நேர்மின்னோட்டத் தொடரேயாகும். ஒத்த தாளத்தில் இயங்காத இரு நாட்டு மின்தொகுதிகளை இணைக்க அதுவே ஏற்றது. கைத்தொலைபேசியின் மின்னேற்றியும் வீட்டிலுள்ள மாறுமின்னோட்டத்தை நேர்மின்னோட்டமாக மாற்றியே தருகிறது. ஆகவே முடிவில் தோற்றது எதுவும் இல்லை. ஒவ்வொன்றுக்கும் உரிய பணி வகுக்கப்பட்டது, அவ்வளவே.

இவ்வரலாறு நமக்கு உணர்த்துவது யாது? மின்சாரத்தைப் பேய்போல் கண்டு அஞ்ச வேண்டியதில்லை; அறியாமல் அணுகவும் கூடாது. 25,000 வோல்ட் கம்பியைத் தொடாவிட்டாலும், மிக நெருங்கினாலே மின்சாரம் காற்றில் தாவிப் பாயக்கூடும். ஆதலால் ரயில் பாதை அருகே குழந்தைகள் பட்டம் விட அனுமதிக்கலாகாது. மின்கம்பி செல்லும் இடத்தில் பழம் பறிக்கவோ குலை அறுக்கவோ அலுமினியக் கோலை உயர்த்தலாகாது. மழையில் நனைந்த மூங்கிலும் மின்சாரத்தைக் கடத்தும். வீட்டில் எவரேனும் மின்தாக்குதலுக்கு உள்ளானால், அவரைத் தொட்டு இழுக்குமுன் முதன்மை விசையை நிறுத்துக. அறுந்து விழுந்த கம்பியைக் கண்டால் விலகி நின்று, பிறரையும் விலக்கி, 999 எண்ணுக்குத் தெரிவித்திடுக.

அன்று பாதி உண்மை மக்களை அச்சுறுத்திற்று. முழு உண்மையை அறிந்து, அதனை நம் பிள்ளைகளுக்கும் எடுத்துரைப்போமாயின், இரு மின்னோட்டங்களும் நமக்கு நல்ல பணியாளர்களாகவே இருக்கும்.